கரண்ட் ஓடினா காந்தம் வருவது ஏன்? முப்பந்தல் காற்றாலை முதல் நாஞ்சில் நாட்டு வானம் வரை: முழு விளக்கம்

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகிற வழியில் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் ரெண்டு பக்கமும் காற்றாலைகள் தான். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும் காற்றில் இறக்கைகள் நிற்காமல் சுற்றும். முப்பந்தல் பகுதியில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன.

இந்தக் காற்றாலை, வீட்டு ஃபேன், வயல்காட்டு மோட்டார், கையில் இருக்கும் போனின் ஸ்பீக்கர் என எல்லாமே ஒரே விதியை நம்பித்தான் ஓடுகின்றன. மின்னூட்டம் நகர்ந்தால் அதைச் சுற்றி காந்தப்புலம் உண்டாகும் என்பதே அந்த விதி. இதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால், ஏன் உண்டாக வேண்டும்? சும்மா இருக்கும்போது இல்லாத காந்தம், ஓடும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? இதற்கான பதிலைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கண்டுபிடித்தது யார்?

1820-ம் ஆண்டு வரை மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று தான் பலரும் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆயர்ஸ்டெட், கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்புவதைக் கவனித்தார். கரண்ட்டை நிறுத்தியதும் ஊசி பழைய நிலைக்கே வந்துவிட்டது.

செய்தி பரவியதும், அதே ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் ஆம்பியர் இன்னொரு விஷயத்தைக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ரெண்டு கம்பிகளில் ஒரே திசையில் கரண்ட் போனால் அவை ஒன்றை ஒன்று இழுக்கும். எதிர் எதிர் திசையில் போனால் தள்ளும். இங்கே காந்தம் என்று ஒரு பொருளே கிடையாது. வெறும் ரெண்டு செப்புக் கம்பி. ஆனாலும் காந்த விசை இருக்கிறது.

உங்கள் போனிலேயே பார்க்கலாம்

இதைச் சோதித்துப் பார்க்க லேப் தேவையில்லை. உங்கள் போனுக்குள் காந்தப்புலத்தை அளக்கும் சின்ன சென்சார் ஒன்று இருக்கிறது. காம்பஸ் ஆப் வேலை செய்வது அதை வைத்துத்தான்.

காம்பஸ் ஆப்பைத் திறந்து போனை மேசையில் வையுங்கள். ஒரு மெல்லிய ஒயரை வடக்கு தெற்காக, போனின் மேல் பாதிக்கு மேலே பிடியுங்கள். ஒயரின் ரெண்டு முனையையும் சாதாரண 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியின் ரெண்டு பக்கமும் ஒரு நொடி தொட்டுவிட்டு எடுங்கள். ஊசி திரும்புவதைப் பார்க்கலாம். பழைய காந்த ஊசி காம்பஸ் கையில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்தச் சோதனையில் ஒயர் சட்டெனச் சூடாகும் என்பதால் ரெண்டு நொடிக்கு மேல் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. போன் பேட்டரி, பவர் பேங்க், பைக் பேட்டரி, வீட்டு பிளக் எதிலும் இதை முயற்சி செய்யவே கூடாது.

சரி, ஏன் இப்படி நடக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க ஆயர்ஸ்டெட்டுக்குப் பிறகு 85 ஆண்டுகள் ஆனது. 1905-ல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சார்பியல் கோட்பாட்டில் தான் அது வந்தது. 'இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல்' என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே.

அதில் இருந்து நமக்குத் தேவைப்படுவது ஒரு முடிவு மட்டும் தான். நம்மைப் பொறுத்தவரை வேகமாக ஓடும் ஒரு பொருளின் நீளம், அது ஓடும் திசையில் கொஞ்சம் குறைந்து காணப்படும். ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றாகவே இருக்கிறது என்பதில் இருந்து வரும் முடிவு இது. கார், ரயில் வேகத்தில் இந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இருக்கும்.

இப்போது தோவாளை பூச்சந்தைக்குப் போவோம். ரெண்டு சரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நீளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மல்லிகைச் சரம், இன்னொன்று அரளிச் சரம். மல்லிகை அசையாமல் கிடக்கிறது. அரளிச் சரத்தை மட்டும் ஒருவர் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போகிறார். தரையில் நின்று பார்க்கும் நமக்கு, ஒரு முழத்துக்கு 20 மல்லிகை, 20 அரளி. சரிக்குச் சரி.

கரண்ட் ஓடும் கம்பியும் இப்படித்தான். மல்லிகை என்பது கம்பியில் அசையாமல் இருக்கும் நேர் மின்னூட்டம். அரளி என்பது ஓடிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான், அதாவது எதிர் மின்னூட்டம். ஒரு முழத்தில் ரெண்டும் சம அளவு என்பதால் கம்பிக்கு மொத்தத்தில் மின்னூட்டம் கிடையாது. பக்கத்தில் ஒரு எலக்ட்ரான் சும்மா நின்றால் அதைக் கம்பி இழுக்கவும் செய்யாது, தள்ளவும் செய்யாது.

ஓடுகிறவர் கண்ணில் முழம் மாறுகிறது

கம்பிக்கு வெளியே இருக்கும் அந்த எலக்ட்ரானும் அரளிச் சரத்தோடு சேர்ந்து, அதே வேகத்தில் ஓட ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதன் பார்வையில் அரளி அசையாமல் நிற்கிறது. மல்லிகை தான் பின்பக்கமாக ஓடுகிறது. ஓடும் பஸ்ஸில் இருப்பவருக்கு வெளியே உள்ள தென்னை மரங்கள் பின்னால் ஓடுவது போல.

ஓடும் பொருளின் நீளம் குறையும் அல்லவா? அதனால் மல்லிகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்குகிறது. ஒரு முழத்துக்கு 20-க்கும் கொஞ்சம் அதிகமான மல்லிகை. நின்றுவிட்ட அரளியின் இடைவெளியோ பழையபடி விரிகிறது. ஒரு முழத்துக்கு 20-க்கும் கொஞ்சம் குறைவான அரளி. அப்போ கணக்கு சரிக்குச் சரி இல்லை. கம்பியில் நேர் மின்னூட்டம் கூடிவிட்டது.

நேர் மின்னூட்டம் எலக்ட்ரானை இழுக்கும். ஆகவே, அந்த எலக்ட்ரான் கம்பியை நோக்கி இழுக்கப்படுகிறது. அதைக் கேட்டால், "இது சாதாரண மின்விசை தானே" என்று சொல்லும்.

ஆனால் தரையில் நிற்கும் நமக்கு? நம் கணக்கில் கம்பி இன்னமும் சரிக்குச் சரி தான். மின்விசை வர வழியே இல்லை. ஆனாலும் எலக்ட்ரான் இழுக்கப்படுவதைக் கண்ணால் பார்க்கிறோம். நமக்கு மின்விசையாகத் தெரியாத அந்த இழுப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தான் காந்த விசை. 1820-ல் ஆம்பியர் பார்த்தது, ஒரே திசையில் கரண்ட் போகும் கம்பிகள் இழுத்துக்கொள்ளும் என்பது, இதுவே தான்.

ரெண்டு விஷயம் இதில் இருந்து தானாகப் புரியும். ஒன்று, மின்னூட்டம் ஓடினால் தான் காந்தப்புலம். ரெண்டு, அந்தக் காந்தப்புலமும் ஓடுகிற மின்னூட்டத்தைத் தான் தொடும். சும்மா நிற்கும் மின்னூட்டத்தை ஒன்றும் செய்யாது.

எலக்ட்ரான் அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது?

இங்கே தான் பலருக்கும் சந்தேகம் வரும். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் கரண்ட் போகும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் தான் நகர்கின்றன. ஒரு மணி நேரம் ஆனாலும் ஒரு அடி தாண்டாது. நத்தை கூட இதை விட வேகம். சுவிட்ச் போட்டதும் லைட் எரிவது, நிரம்பிய குழாயில் ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் உடனே தண்ணீர் வருவது போலத்தான்.

இந்த வேகத்தில் நீளம் எவ்வளவு குறையும்? தசமப் புள்ளிக்குப் பிறகு 25 சுழியம் போட்ட பிறகு தான் முதல் இலக்கமே வரும். இவ்வளவு சின்ன வித்தியாசம் எப்படி ஃபேனைச் சுற்ற வைக்கும்?

மின்விசை அவ்வளவு பயங்கரமானது என்பதுதான் பதில். அதே மாதிரி நீளமான ரெண்டு கம்பிகளை 1 மீட்டர் தள்ளி வைத்து, அவற்றில் நேர் மின்னூட்டமே இல்லாமல் கரண்ட்டைச் சுமக்கும் எலக்ட்ரான் மட்டும் இருப்பதாகக் கற்பனை செய்து கணக்கிட்டால், ஒவ்வொரு மீட்டர் கம்பியையும் தள்ளும் விசை சுமார் 300 லட்சம் கோடி டன் எடைக்குச் சமம். நிஜத்தில் நேரும் எதிரும் சரிக்குச் சரியாக இருப்பதால் நமக்கு அது தெரிவதே இல்லை. அந்தப் பிரம்மாண்டமான விசையை மேலே சொன்ன மிகச் சின்ன எண்ணால் பெருக்கினால் வருவது ஒரு கோடியில் 2 பங்கு நியூட்டன். ஒரு கொசுவின் எடையில் நூறில் ஒரு பங்கு அளவு.

இந்த எண் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? 2019 மே 20 வரை, 1 ஆம்பியர் என்றால் என்ன என்பதை உலகம் முழுக்க வரையறுத்ததே இந்த விசையை வைத்துத்தான். அந்தத் துளி விசையை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுருள், அதிக கரண்ட், நடுவில் இரும்பு என்று பெருக்கினால் மோட்டார் கிடைத்துவிடும்.

அப்போ காந்தப்புலம் என்பது பொய்யா?

இல்லை. பார்க்கிறவரைப் பொறுத்து மின்புலமும் காந்தப்புலமும் கூடிக் குறையும் என்பதே சார்பியல் சொல்வது. ரெண்டும் ஒரே பொருளின் ரெண்டு முகங்கள். மேலே சொன்ன கம்பியை எந்த வேகத்தில் ஓடிக்கொண்டு பார்த்தாலும், காந்தப்புலம் முழுசாக மறைந்துவிடாது.

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தில் பேட்டரியே இல்லையே, அங்கே என்ன ஓடுகிறது? அங்கே காரணம் பெரும்பாலும் எலக்ட்ரானின் 'ஸ்பின்' என்ற பண்பு. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் பிறவியிலேயே ஒரு குட்டிக் காந்தம் தான். இரும்பில் அவை ஒரே பக்கமாக அணிவகுத்து நின்றால் காந்தம் ஆகிவிடும். இது குவாண்டம் இயற்பியலின் கதை, தோவாளைச் சரத்தில் அடங்காது.

ஐன்ஸ்டீனின் கேள்வியும் முப்பந்தலும்

1905 கட்டுரையை ஐன்ஸ்டீன் தொடங்குவதே ஒரு காந்தத்தையும் ஒரு கம்பியையும் வைத்துத்தான். கம்பி நிற்க, காந்தம் நகர்ந்தால் கரண்ட் வருகிறது. காந்தம் நிற்க, கம்பி நகர்ந்தாலும் அதே கரண்ட் வருகிறது. அன்றைய புத்தகங்கள் இதற்கு ரெண்டு வெவ்வேறு காரணம் சொல்லின. விளைவு ஒன்றாக இருக்கும்போது காரணம் மட்டும் எப்படி ரெண்டாக இருக்கும் என்பதே அவரது கேள்வி. காந்தம் நகர்ந்தால் கரண்ட் வரும் என்பதை 1831-லேயே மைக்கேல் ஃபாரடே காட்டியிருந்தார்.

முப்பந்தல் காற்றாலையின் உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் ஜெனரேட்டர் செய்வது இதே வேலையைத்தான். பல பழைய வகைக் காற்றாலைகளில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. அவற்றில் நிலைக்காந்தமே கிடையாது. சுருளில் ஓடும் கரண்ட் தான் காந்தமாகிறது. அந்த முதல் கரண்ட் வருவது எங்கிருந்து? மின்வாரியத்தின் லைனில் இருந்து.

நான்கு துருவ ஜெனரேட்டர் என்றால், 50 ஹெர்ட்ஸ் லைனில் அந்தக் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். காற்று, கியர் பெட்டி வழியாக ஜெனரேட்டரை 1,500-க்கும் சற்று கூடுதலாகச் சுழற்றினால் தான் கரண்ட் லைனுக்குப் போகும். ஆகவே லைன் போய்விட்டால், ஆடிக்காற்று அடித்தாலும் இந்த வகைக் காற்றாலையால் மின்சாரம் தர முடியாது. காந்தத்தை உண்டாக்கவே கரண்ட் வேண்டும் என்ற விதி, காற்றாலை வைத்திருப்பவரின் பாக்கெட் வரை வருகிறது. லைனில் இருந்து இப்படி எடுக்கும் மின்திறனுக்குத் தனிக் கணக்கும் கட்டணமும் உண்டு.

நாஞ்சில் நாட்டு வானத்தில் ஓடும் கரண்ட்

கம்பியே இல்லாமல், நம் தலைக்கு மேலேயும் ஒரு பெரிய கரண்ட் ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக, சாய்வே இல்லாமல் படுத்திருக்கும் இடங்களை இணைக்கும் கோட்டுக்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். இது இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. பகலில் சூரிய ஒளி, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றை மின்துகள்களாகப் பிரிக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே மட்டும், அந்தத் துகள்கள் ஒரு ஆறு போலத் திரண்டு ஓடுகின்றன. எலக்ட்ரான்கள் மேற்கே ஓட, கரண்ட் கிழக்கே பாய்கிறது. அளவு பல்லாயிரம் ஆம்பியர். நண்பகலை ஒட்டி உச்சத்துக்குப் போய், மாலையில் ஓய்ந்துவிடும். சிட்னி சாப்மன் 1951-ல் இதற்கு வைத்த பெயர் 'எலக்ட்ரோஜெட்'.

கரண்ட் ஓடினால் காந்தப்புலம் வர வேண்டுமே? வருகிறது. வலது கைக் கட்டைவிரலைக் கிழக்கு நோக்கி நீட்டி மற்ற விரல்களை மடக்குங்கள். கைக்கு அடிப்பக்கத்தில் விரல்கள் வடக்கு நோக்கிப் போகும். தரையில் உள்ள நமக்கு, பூமியின் காந்தப்புலம் வடக்குத் திசையில் பகலில் கொஞ்சம் கூடுகிறது. பூமியின் புலம் இங்கே சுமார் 40,000 நானோடெஸ்லா. எலக்ட்ரோஜெட் சேர்ப்பது 100 நானோடெஸ்லா அளவில், அதாவது 400-ல் ஒரு பங்கு.

இந்தச் சின்ன அசைவுகளை அளக்கும் வேலை நம் பகுதியில் ரொம்பப் பழசு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் இது திருவிதாங்கூர். அந்த சமஸ்தானத்தின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852-ல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், 1855-ல் பொதிகை எனப்படும் அகத்தியர் மலை உச்சியிலும் ஒரு ஆய்வகம் அமைத்தார். 1,868 மீட்டர் உயர மலையிலும், கீழே திருவனந்தபுரத்திலும் காந்த ஊசியின் விலகலைப் பதிவு செய்தார்கள். சூரியனையும் நிலவையும் ஒட்டி ஊசி தினமும் துளி அசைவதை அவர் ஆராய்ந்தார். காரணம் மேல்வானத்துக் கரண்ட்டாக இருக்கலாம் என்று பால்ஃபர் ஸ்டூவர்ட் சொன்னது 1882-ல்.

1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்த தும்பா, இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளமாகத் தேர்வானதற்கும் காந்த நடுக்கோடு பக்கத்தில் இருந்ததே முக்கியக் காரணம். 1960-களில் காந்தமானியை ஏந்திச் சென்ற ராக்கெட்டுகள், அந்தக் கரண்ட்டை அது ஓடும் இடத்திலேயே போய் அளந்தன. இன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வு மையம் இயங்குகிறது. அங்கே பதிவாகும் பகல்நேர உயர்வில் இருந்து, மும்பை அருகே அலிபாக்கில் பதிவாகும் உயர்வைக் கழித்தால், அன்றைய எலக்ட்ரோஜெட்டின் பலம் தெரிந்துவிடும்.

இதனால் நமக்கு என்ன? ஜிபிஎஸ் சிக்னல் போன்றவை இந்த மின்துகள் அடுக்கைக் கடந்து தான் வருகின்றன. அடுக்கு கலங்கினால் சிக்னல் தாமதமாகும், சில நேரம் விட்டு விட்டு வரும். குளச்சலில் இருந்தும் தேங்காய்ப்பட்டணத்தில் இருந்தும் ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் திசை பார்ப்பது அந்த சிக்னலை நம்பித்தான்.

ஹை டென்ஷன் லைன் கீழே நின்றால் ஆபத்தா?

காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகும் லைன்கள் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் மேலே போவதால், இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது.

500 ஆம்பியர் போகும் ஒரு தனிக் கம்பிக்கு 10 மீட்டர் கீழே நின்றால் காந்தப்புலம் 10 மைக்ரோடெஸ்லா. நிஜ லைனில் மூன்று கம்பிகளின் புலங்கள் ஒன்றை ஒன்று ஓரளவு அடித்துவிடுவதால் இன்னும் குறையும். அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010-ல் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்த எல்லை, 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோடெஸ்லா.

2002-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகை காந்தப்புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் காரணம் இதுதான் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. லைனுக்குக் கீழே பிடித்த டியூப் லைட் மினுங்கும் வீடியோக்களில் நீங்கள் பார்ப்பதும் காந்தப்புலத்தின் வேலை இல்லை. அது மின்புலத்தின் வேலை.

உண்மையான ஆபத்து வேறு. தேங்காய் பறிக்கும் இரும்புத் தொரட்டியோ, ஏணியோ லைனை நெருங்கினால் உயிர் போகும். தொடக்கூட வேண்டாம், உயர் அழுத்த லைனில் இருந்து இடைவெளியைத் தாண்டியே மின்சாரம் பாயும். காந்தத்துக்குப் பயப்படுவதை விட, லைன் பக்கத்தில் இரும்புத் தொரட்டி எடுக்காமல் இருப்பது முக்கியம்.

சுருக்கமாக

* நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருக்கும் கம்பி, நின்று பார்ப்பவருக்குச் சமமாகவும், ஓடிக்கொண்டே பார்ப்பவருக்குச் சமமில்லாமலும் தெரியும்.
* ஓடுபவர் மின்விசை என்று சொல்வதை, நிற்பவர் காந்த விசை என்று சொல்கிறார்.
* நீளம் குறைவது மிக மிகக் கொஞ்சம். ஆனால் மின்விசை மிகப் பெரியது என்பதால் காந்தம் நமக்குத் தெரிகிறது.
* முப்பந்தலில் சுற்றும் ஜெனரேட்டரிலும், 105 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் எலக்ட்ரோஜெட்டிலும் வேலை செய்வது ஒரே விதி.